டிர்க் ஹார்டாக் தீவின் லைட்ஹவுஸ்: அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஜூலை விடுமுறையில் ஷார்க் பே போகிறோம், நான், மனைவி, பத்து வயது மகள். டிர்க் ஹார்டாக் தீவின் வடமுனையில் ஒரு பழைய லைட்ஹவுஸ் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். வழி மோசம், தண்ணீர் கிடையாது என்கிறார்கள். அந்தப் பாடுபட்டுப் போகும் அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது?

பதில்:

கலங்கரை விளக்கத்தை மட்டும் பார்க்கத்தான் என்றால் போகாதீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாறை மேட்டின் மேல் ஒரு வெள்ளைக் கோபுரம், அதுவும் பெரிய உயரமில்லை, கதவு பூட்டியிருக்கும். மாமல்லபுரத்தில் போல டிக்கெட் வாங்கி, மூச்சிரைக்கப் படியேறி, மேலே நின்று கடலைப் பார்க்கிற ஏற்பாடெல்லாம் இங்கே இல்லை. லைட்ஹவுஸ் அழகுதான் வேண்டும் என்றால் பெர்த்திலிருந்து தெற்கே கேப் லூவின் போங்கள். கடைசி வரை தார் ரோடு, காப்பி கிடைக்கும், வழிகாட்டி கூட்டிக்கொண்டு போய் மேலே ஏற்றுவார். மகளுக்கும் பிடிக்கும்.

ஆனால் நான் டிர்க் ஹார்டாக் தீவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன், மூன்றாவது முறையும் போகத்தான் போகிறேன். காரணம் அந்தக் கோபுரம் நிற்கிற முனையின் பெயரிலேயே இருக்கிறது: கேப் இன்ஸ்கிரிப்ஷன். நம் பாஷையில் சொன்னால் கல்வெட்டு முனை. கல்லில் வெட்டவில்லை, வெள்ளீயத் தட்டில் வெட்டினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த இடத்தில் விளக்கு வந்தது 1910-இல். முதல் எழுத்து வந்தது 1616-இல். நடுவில் இருக்கும் முந்நூறு வருடத்தில் அங்கே வந்து போனவர்கள் செய்த வேலையெல்லாம் ஏறக்குறைய ஒன்றே ஒன்று: இறங்கினார்கள், தண்ணீர் தேடினார்கள், கிடைக்கவில்லை, "நான் வந்தேன்" என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். இது தெரியாமல் போய் நின்றால் காற்றடிக்கிற ஒரு பொட்டல் காடு. தெரிந்து போனால் கதை வேறு.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். மேற்கு ஆஸ்திரேலியாவின் தீவுகளிலேயே பெரியது இது. வடக்கு தெற்காகச் சுமார் 80 கிலோமீட்டர் நீளம், அகலம் அதிகபட்சம் 15 கிலோமீட்டர். ஷார்க் பே என்கிற பெரிய விரிகுடாவுக்கு மேற்குப் பக்கம் போட்ட மதில் மாதிரி படுத்திருக்கிறது. இந்தப் பகுதியின் பழங்குடிகளான மல்கானா மக்கள் இதை விருவானா என்கிறார்கள். இந்தியப் பெருங்கடலைப் பார்த்த மேற்குப் பக்கம் முழுக்கச் செங்குத்துப் பாறை. விரிகுடாவைப் பார்த்த கிழக்குப் பக்கம் அமைதியான, ஆழமில்லாத, பச்சை நீலத் தண்ணீர். நடுவே மணல் மேடுகளும் முழங்கால் உயரப் புதர்களும். மரம் என்று சொல்லி நிழலுக்கு ஒதுங்க ஒன்றும் கிடையாது. ஆறில்லை, ஓடையில்லை. மழை குறைவு, பெய்கிற கொஞ்சமும் பெரும்பாலும் மே முதல் ஆகஸ்ட் வரைதான். நம் பழைய கணக்கில் பாலையும் நெய்தலும் வேறு வேறு திணை. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்றால் இங்கே வரலாம்.

சரி, தட்டுக்கு வருவோம்.

1616-இல் ஏந்த்ராக்ட் என்று ஒரு டச்சுக் கப்பல். பெயருக்கு 'ஒற்றுமை' என்று பொருள். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல், ஆனால் ஆங்கிலேயர்களுடையது அல்ல, டச்சுக்காரர்களுடையது. நம் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டி உட்கார்ந்தார்களே, அதே கம்பெனிதான். அந்தக் கோட்டைக்கு அப்போது வயது மூன்று. சோழமண்டலக் கரையில் துணி வாங்கி, அதைக் கிழக்குத் தீவுகளில் கொடுத்து மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்குவது அவர்கள் வியாபாரம். ஐரோப்பாவிலிருந்து ஜாவாவுக்குப் போகப் பழைய வழியில் ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. 1611-இல் ஹெண்ட்ரிக் பிரவுவர் என்ற தளபதி புது வழி ஒன்றைப் பிடித்தார். ஆப்பிரிக்காவின் தென்முனையைத் தாண்டியதும் வடக்கே திரும்பாமல், இன்னும் தெற்கே இறங்கி, அங்கே மேற்கிலிருந்து ஓயாமல் வீசுகிற காற்றைப் பிடித்து நேர் கிழக்கே ஓட வேண்டும். போதுமான தூரம் ஓடியதும் வடக்கே திரும்பினால் ஜாவா. பயண நாள் பாதியாகக் குறைந்தது.

சிக்கல் அந்தப் "போதுமான தூரம்" என்பதில்தான். வடக்கு தெற்கு எவ்வளவு என்பதைச் சூரியனையும் நட்சத்திரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். கிழக்கே எவ்வளவு வந்தோம் என்பதைக் கடலில் சரியாகச் சொல்லும் வித்தை அப்போது யாரிடமும் இல்லை. அதற்கு நம்பகமான கடிகாரம் வேண்டும், அது வர இன்னும் நூற்றைம்பது வருடம் இருந்தது. ஆகவே மீகாமன் குத்துமதிப்பாகத்தான் திரும்ப வேண்டும். ஏந்த்ராக்ட்டின் மீகாமன் டிர்க் ஹார்டாக் கொஞ்சம் தாமதித்துவிட்டார். எதிரே நிலம் வந்து நின்றது. அவர்கள் கைவசமிருந்த வரைபடத்தில் அங்கே எதுவுமே கிடையாது. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் ஐரோப்பியர் கால் வைத்ததாக எழுத்தில் பதிவான முதல் சம்பவம் இப்படி ஒரு கணக்குப் பிசகில்தான் நடந்தது.

மூன்று நாள் இருந்தார்கள். போகும்போது சாப்பாட்டுத் தட்டு ஒன்றை எடுத்துத் தட்டையாக அடித்து, அதில் எழுத்து வெட்டி, முனையில் ஒரு கம்பம் நட்டு ஆணியடித்து மாட்டினார்கள். அதில் இருப்பது ஏறக்குறைய இதுதான்: 1616 அக்டோபர் 25-இல் ஆம்ஸ்டர்டாமின் ஏந்த்ராக்ட் கப்பல் இங்கே வந்து சேர்ந்தது, மூத்த வணிகர் இன்னார், மீகாமன் இன்னார், 27-இல் (ஜாவாவிலுள்ள) பாந்தம் துறை நோக்கிப் பாய் விரித்தது, இளைய வணிகர் இன்னார், தலைமைச் சுக்கானி இன்னார். அவ்வளவுதான். இந்த நிலம் எங்களுக்குச் சொந்தம் என்று ஒரு சொல் இல்லை, சாமி பெயர் இல்லை, ராஜா பெயரும் இல்லை. நம்மூர்ச் சத்திரத்துப் பதிவேட்டில் எழுதுவது மாதிரி எழுதியிருக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது அதில் பெயர்கள் வருகிற வரிசை. முதலில் வணிகர், அப்புறம்தான் மீகாமன். கம்பெனிக் கப்பலில் சரக்குக்கு அதிகாரியானவர்தான் பெரியவர், கப்பலை ஓட்டுகிறவர் அவருக்கு அடுத்தபடி. தீவுக்கு நிலைத்தது மீகாமனின் பெயர். அந்த மூத்த வணிகரை இன்று யாருக்கும் தெரியாது.

எண்பது வருடம் கழித்து, 1697 பிப்ரவரியில், வில்லெம் ட ஃப்ளமிங் என்ற இன்னொரு டச்சுத் தளபதி மூன்று கப்பல்களோடு வந்தார். காணாமல் போன ஒரு கம்பெனிக் கப்பலைத் தேடி வந்தவர். பெர்த்துக்கு எதிரே ராட்னஸ்ட் தீவுக்குப் பெயர் வைத்தவரும் இவர்தான். அங்கிருந்த குவாக்கா என்ற சின்னக் கங்காரு இன விலங்கைப் பெரிய எலி என்று நினைத்து 'எலிக்கூடு' என்று எழுதிவிட்டார். வடமுனையில் ஏறிப் பார்த்தால் கம்பம் உளுத்துச் சாய்ந்திருக்கிறது, தட்டு இன்னும் தொங்குகிறது. ஹார்டாக்கின் தட்டைக் கழற்றிக்கொண்டார். ஆனால் சும்மா எடுத்துப் போகவில்லை. புதுத் தட்டு ஒன்றில் பழைய வாசகத்தை அப்படியே படியெடுத்து, அதன் கீழே தன் கப்பல்களின் விவரத்தையும் சேர்த்து வெட்டி, புதுக் கம்பத்தில் மாட்டிவிட்டுப் போனார். நம் கோயில்களில் திருப்பணி செய்யும்போது பழைய கல்வெட்டைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மறுபடி பொறித்தார்களே, அந்த நியாயம்தான். முதல் தட்டு இன்று ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது.

அப்புறம் பிரெஞ்சுக்காரர்கள். இவர்கள் கதை இன்னும் சுவாரசியம். 1772-இல் செயின்ட் அலுவார்ன் என்ற தளபதியின் கப்பல் வந்தது. அவருடைய ஆட்கள் இதே முனைக்குக் கீழே டர்ட்டில் பே பக்கம் இறங்கி, இந்தக் கரை பிரெஞ்சு மன்னருக்கு என்று வாசித்து, அந்தப் பத்திரத்தைப் புட்டியில் போட்டு வெள்ளிக் காசோடு புதைத்தார்கள். அதற்குப் பின்னால் யாரும் வந்து குடியேறவில்லை. 1998-இல் தோண்டியபோது வெள்ளிக் காசும் ஈய மூடி போட்ட புட்டியும் கிடைத்தன. பத்திரம்தான் இல்லை.

1801-இல் ஹாமெலான் என்ற பிரெஞ்சுத் தளபதியின் ஆட்கள் ஃப்ளமிங்கின் தட்டு மணலில் விழுந்து கிடப்பதைக் கண்டு கப்பலுக்கு எடுத்து வந்தார்கள். அது கூடாது, அபசாரம் என்று சொல்லி, அதைத் திருப்பிக் கொண்டுபோய்க் கம்பம் நட்டு மாட்ட வைத்தார் ஹாமெலான். அதே கப்பலில் இருந்த இளம் அதிகாரி லூயி ட ஃப்ரெய்சினேவுக்கு இது ஒப்பவில்லை, இங்கே கிடந்தால் யாராவது நாசமாக்கிவிடுவார்கள் என்பது அவர் கட்சி. பதினேழு வருடம் மனதில் வைத்திருந்து, 1818-இல் தானே தளபதியாக யுரேனி என்ற கப்பலில் வந்தபோது ஆளனுப்பித் தட்டை எடுத்துக்கொண்டார். அந்தக் கப்பலில் அவருடைய மனைவி ரோஸும் இருந்தார். பெண்கள் ஏறக்கூடாது என்ற சட்டத்தை ஏமாற்ற ஆண் உடுப்பில் கப்பலேறியவர். திரும்பும் வழியில் 1820-இல் ஃபாக்லாந்துத் தீவுகளில் பாறையில் மோதி யுரேனி போய்விட்டது. ஆட்களும் தப்பினார்கள், தட்டும் தப்பியது. பாரிஸுக்குப் போன பிறகு அங்கேயே தொலைந்துபோனதுதான் வேடிக்கை. 1940-இல் ஒரு கிட்டங்கியில் மறுபடி அகப்பட்டது. எந்த நிறுவனத்தின் கிட்டங்கி தெரியுமா? பிரெஞ்சுக் கல்வெட்டுக் கழகத்துடையது. 1947-இல் ஆஸ்திரேலியாவுக்குக் கொடுத்தார்கள்.

யார் செய்தது சரி? என்னைக் கேட்டால் ஹாமெலானை மதிக்கிறேன், ஆனால் ஃப்ரெய்சினே எடுக்காமல் விட்டிருந்தால் இன்று நாம் பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. அங்கே போய் ஒரு மணி நேரம் அந்த உப்புக் காற்றில் நின்றால் உங்களுக்கே தெரியும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாளாது.

இதெல்லாம் முடிந்து, கப்பல்கள் நீராவிக்கு மாறி, பெர்த்தின் துறைமுகமான ஃப்ரீமாண்டிலுக்கும் வடமேற்குத் துறைகளுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே போக்குவரத்துப் பெருகிய பிறகுதான் விளக்கு வந்தது. கல்வெட்டு முனைக்கும் அதற்கு வடக்கே உள்ள டோரே தீவுக்கும் நடுவே இருக்கும் நீரிணைக்கு நேச்சுரலிஸ்ட் சானல் என்று பெயர், ஹாமெலான் வந்த கப்பலின் பெயர் அது. விரிகுடாவுக்குள் நுழைய அது ஒரு அகன்ற வாசல். தெற்கே செங்குத்துப் பாறைக் கரை நெடுக ஒதுங்க ஒரு துறை கிடையாது. 1712-இல் சைட்டோர்ப் என்ற டச்சுக் கப்பல் அந்தப் பாறையில் மோதி, யாரும் ஊர் திரும்பவில்லை. கலங்கரை என்றால் கலத்தைக் கரைந்து அழைப்பது என்று நம் சொல்லுக்கு விளக்கம் சொல்வார்கள். இந்த விளக்கு ஒரு பக்கம் அழைக்கிறது, வாசல் இங்கே என்று. மறுபக்கம் கிட்டே வராதே என்கிறது.

காவலர்கள் குடும்பத்தோடு இருந்தார்கள். கோபுரத்துக்குப் பக்கத்தில் அவர்கள் குடியிருந்த வீடு இருக்கிறது, இரண்டு குடும்பத்துக்கு ஒட்டிக் கட்டியது. அந்த வீட்டு முற்றத்தில் நின்றபோதுதான் எனக்கு அங்கே வாழ்ந்த வாழ்க்கை உறைத்தது. நாற்புறமும் தண்ணீர், குடிக்க இருப்பது கூரையில் விழுந்து தொட்டியில் சேர்ந்த மழை. மாவும் எண்ணெயும் மருந்தும் கடிதமும் கடல் வழியாகத்தான் வர வேண்டும். கடல் மறுத்தால் வராது. சாமான்களைக் கீழே டர்ட்டில் பேயில் இறக்கித்தான் மேட்டுக்கு ஏற்றினார்கள்.

ஆனால் இந்தக் குடித்தனம் ஏழே வருடம்தான். 1917-இல் விளக்கைத் தானியங்கியாக மாற்றி ஆட்களை எடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் ஆளில்லா விளக்கு என்றால் அசிட்டிலீன் வாயு. ஸ்வீடன்காரர் குஸ்தாவ் டாலன் ஒரு சூரிய வால்வு கண்டுபிடித்திருந்தார். நடுவில் கறுப்புத் தண்டு ஒன்று, சுற்றிலும் பளபளப்பான தண்டுகள். பகலில் கறுப்புத் தண்டு வெளிச்சத்தை உறிஞ்சிச் சற்றே நீளும், அந்த நீட்சி வாயுவை அடைத்துவிடும். இருட்டினால் சுருங்கும், வாயு திறக்கும், சிறு சுடர் பற்றவைக்கும். அவ்வளவு எளிய சங்கதி. அதற்கு 1912-இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அதே வருடம் ஒரு வெடிவிபத்தில் டாலனுக்குக் கண் போய்விட்டது. இப்போது அங்கே எரிவது சூரியத் தகடு மின்சாரம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. விளக்கு எழுந்த அதே காலத்தில், 1908 முதல் 1919 வரை, நீரிணைக்கு அந்தப் பக்கம் டோரே தீவிலும் அதற்கடுத்த பெர்னியர் தீவிலும் வேறொன்று நடந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பல பகுதிகளிலிருந்து பழங்குடி மக்களை, பால்வினை நோய் இருக்கிறது என்று சொல்லி, பலரைக் கழுத்தில் சங்கிலி போட்டு நடத்திக் கொண்டுவந்து அங்கே அடைத்தார்கள். ஒரு தீவு ஆண்களுக்கு, ஒரு தீவு பெண்களுக்கு. நோயைச் சரியாகச் சோதித்துப் பார்த்துத்தான் பிடித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி என்று பெயர், பலர் திரும்பவில்லை. 2019-இல்தான் மாநில அரசு மன்னிப்புக் கேட்டது, கார்னார்வன் ஊரில் ஒரு நினைவுச் சின்னமும் வைத்தார்கள். இந்த முனைக்கு வருகிறவர்கள் எல்லோரும் டச்சுக்காரனும் பிரெஞ்சுக்காரனும் எழுதி வைத்ததைப் பேசுவார்கள், நானும் இவ்வளவு நேரம் அதைத்தான் பேசினேன். எழுதி வைக்க ஒரு தட்டும் இல்லாமல் எதிர்த்தீவில் செத்தவர்களைப் பற்றி அங்கே நிற்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். மகளுக்குப் பத்து வயது என்கிறீர்கள், சொன்னால் புரிகிற வயதுதான்.

அதே இரண்டு தீவுகளிலிருந்துதான் இப்போது டிர்க் ஹார்டாக் தீவுக்கு உயிர் திரும்பிக்கொண்டிருக்கிறது. 1860-கள் தொடங்கி நூறு வருடத்துக்கு மேல் இங்கே ஆடு மேய்த்தார்கள். செம்மறியும் வெள்ளாடும் புதரைத் தின்று தீர்த்தன, பூனைகள் மிச்சமிருந்த சின்ன விலங்குகளைத் தீர்த்தன. 2009-இல் தேசியப் பூங்கா ஆனது. 1616-இல் எப்படி இருந்ததோ அப்படித் திருப்ப வேண்டும் என்பது திட்டம், பெயரே '1616-க்குத் திரும்புதல்'. தீவின் குறுக்கே வேலி போட்டு இரண்டாகப் பிரித்து, காமிராவும் விஷத் தீனியும் வைத்து, 2018-இல் கடைசிப் பூனையும் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். இவ்வளவு பெரிய தீவில் பூனையை முழுதாக அகற்றியது உலகிலேயே இதுதான் முதல் தடவை. பெர்னியரிலும் டோரேயிலும் பூனை ஒருபோதும் நிலைக்கவில்லை, அதனால் பெருநிலத்தில் அழிந்துபோன முயல்வாலபி (ஒரு சின்னக் கங்காரு இனம்) மாதிரியான விலங்குகள் அங்கே பிழைத்திருந்தன. அவற்றைப் பிடித்து வந்து இங்கே விட்டிருக்கிறார்கள். சாயங்காலம் கூடாரத்துக்குப் பக்கத்தில் ஏதாவது துள்ளி ஓடினால் எலி என்று நினைத்துச் செருப்பைத் தூக்காதீர்கள்.

இனி வழி. பெர்த்திலிருந்து டென்ஹாம் ஊர் சுமார் 830 கிலோமீட்டர். தீவுக்கு வண்டியோடு போக வேண்டுமென்றால் டென்ஹாமுக்கு வெகு தூரம் முன்பே பிரிந்து, யூஸ்லெஸ் லூப் ரோட்டில் போய், பெருநிலத்தின் மேற்கு முனையான ஸ்டீப் பாயின்ட்டை ஒட்டி, அங்கிருந்து பார்ஜ் என்ற தட்டைப் படகில் ஏற்றி சவுத் பாஸேஜ் என்ற நீரிணையைக் கடக்க வேண்டும். பார்ஜ் ஒரு தடவைக்கு ஒரு வண்டிதான் ஏற்றும். தீவில் ஒரே நேரத்தில் இருபது தனியார் வண்டிக்கு மேல் விடமாட்டார்கள். (யூஸ்லெஸ் லூப் என்கிற பெயரும் ஃப்ரெய்சினே புண்ணியம்தான். மணல் திட்டு வாயை அடைத்திருக்கிறது என்று எண்ணி 'உதவாத துறை' என்று எழுதினார். இன்று அங்கிருந்து கப்பல் கப்பலாக உப்புப் போகிறது.)

ஃபோர் வீல் டிரைவ் இல்லாமல் யோசிக்கவே வேண்டாம். சாதாரண எஸ்.யு.வி. போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அடி உயரம் வேண்டும். டயரில் காற்றை இறக்கத் தயங்காதீர்கள். முதல் தடவை நான் பெரிய மனிதனாட்டம் 28 பவுண்டு காற்றோடு முதல் மணல் மேட்டில் ஏறினேன். வண்டி பாதியில் உட்கார்ந்தது. இரண்டு மணி நேரம் கையால் மணல் அள்ளினோம், மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் பெரிய தண்டனை. பின்னால் வந்த ஒரு வயதான தம்பதி இறங்கி, சிரித்துவிட்டு, காற்றை 16-க்கு இறக்கச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் வண்டி ஏறிவிட்டது. திரும்பக் காற்றடைக்க உங்களிடமே கம்ப்ரெசர் இருக்க வேண்டும்.

பார்ஜ் உங்களை இறக்கிவிடுவது தெற்கு முனையில். லைட்ஹவுஸ் இருப்பது வடக்குக் கோடியில். 80 கிலோமீட்டர்தானே என்று எண்ணாதீர்கள். மணலும் சுண்ணாம்புக் கல்லும் மாறி மாறி வரும், ஒரு வழிக்கு மூன்றரை நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தெற்கில் தங்கி ஒரே நாளில் போய் வரலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள், நானும் முதல் முறை செய்தேன், எட்டு மணி நேரம் குலுங்கி நாற்பது நிமிடம் பார்த்தேன். அது தப்பு. நடுவிலோ வடக்கிலோ கிழக்குக் கரையில் ஒரு முகாமில் இரண்டு இரவாவது தங்குங்கள். காலையில் காற்று எழும் முன் முனைக்குப் போய்விடலாம்.

தண்ணீர் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தலைக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர், அதற்கு மேல் இரண்டு நாள் உபரி, அதையும் ஒரே கேனில் வைக்காதீர்கள். குலுக்கலில் ஒரு கேன் விரிசல் விட்டால் அதோடு போயிற்று. டீசலையும் போக வரக் கணக்குப் போட்டு, மணலில் ஒன்றரை மடங்கு குடிக்கும் என்று வைத்து எடுத்துப் போங்கள். குப்பையைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஏறும் முன்பே பைகளையும் கூடாரத்தையும் உதறிப் பாருங்கள், ஒரு எலியோ எறும்புப் புற்றோ களை விதையோ உங்களோடு வந்துவிடக் கூடாது. பூனையை ஒழிக்க அவர்கள் பட்ட பாட்டுக்கு நாம் செய்யும் மரியாதை அது.

ஜூலை நல்ல மாதம்தான். பகலில் வெயில் தாங்கும், ராத்திரி குளிரும், காற்று எப்போதும் உண்டு. முனையில் நின்றால் கூனல் திமிங்கிலங்கள் வடக்கே போவதைப் பார்க்க வாய்ப்பிருக்கிறது. டர்ட்டில் பேயில் பெருந்தலை ஆமைகள் முட்டையிடுவது கோடையில், ஆகவே அதை எதிர்பார்த்து மகளுக்கு ஆசை காட்டிவிடாதீர்கள். மேற்குப் பக்கப் பாறை விளிம்புக்குப் பக்கத்தில் பிள்ளையின் கையை விடாதீர்கள். அடியில் அலை அரித்த பாறை, மேலே பார்த்தால் கெட்டியாகத் தெரியும்.

முனையில் நான் வழக்கமாகச் செய்வது: வண்டியை நிறுத்தியதும் லைட்ஹவுஸுக்குப் போகாமல் நேரே பாறை மேல் கம்பங்கள் இருந்த இடத்துக்குப் போவேன். பாறை வெடிப்பு ஒன்றில்தான் அந்தக் காலத்தில் கம்பத்தைச் செருகியிருந்தார்கள். இப்போது நிற்பவை மாதிரிக்கு வைத்தவை. அங்கிருந்து திரும்பிக் கோபுரத்தைப் பார்த்தால் அது புதுசாகத் தெரியும், நூறு வருடத்துக்கு மேலான கட்டடம் என்று தோன்றாது. அப்புறம் காவலர் வீடு, அப்புறம் கீழே கடற்கரை. இந்த வரிசையில் பாருங்கள்.

திரும்பி வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீமாண்டில் போய், அங்கே கப்பல் சிதைவு அருங்காட்சியகத்தில் ஃப்ளமிங்கின் தட்டைப் பாருங்கள். போவதற்கு முன் பார்க்க வேண்டாம். முன்னால் பார்த்தால் நசுங்கிய ஒரு பழைய தட்டுதான். மேல் பாதியில் இருப்பது ஹார்டாக்கின் வாசகம், கீழ்ப் பாதியில் ஃப்ளமிங்கின் வாசகம். டச்சு தெரியாவிட்டாலும் 1616 என்ற எண்ணை மகளே கண்டுபிடித்துவிடுவாள்.

பார்ஜும் முகாம் இடமும் ஜூலை பள்ளி விடுமுறைக்குச் சீக்கிரம் நிறைந்துவிடும். இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் இன்றைக்கே செய்துவிடுங்கள்.